நம் ஊர் வெயிலும் நம் தோலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத்தில் கிடைக்கும் வெயில் பாதுகாப்புக் குறிப்புகள் பெரும்பாலும் வருடத்தில் சில மாதங்கள் மட்டும் வெயில் காணும் நாடுகளில், வெள்ளைத் தோலுக்காக எழுதப்பட்டவை. நமக்கு வெயில் வருடம் முழுக்க உண்டு, தோலும் வேறு. தமிழ்நாட்டு வெயிலையும் மாநிற, கறுப்புநிறத் தோலையும் மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

நமக்குத்தான் கறுத்த தோலாயிற்றே, வெயில் என்ன செய்துவிடும்?

கறுப்பு நமக்கு வாய்த்த கவசம் என்பது உண்மைதான். தோலிலுள்ள மெலனின் என்ற நிறமி புற ஊதாக் கதிரின் ஒரு பகுதியை உள்ளே போகவிடாமல் உறிஞ்சிக்கொள்கிறது. வெள்ளையர்களுக்கு வருகிற அளவுக்கு நமக்குத் தோல் புற்றுநோய் வராததற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால் அது முழுக் கவசமில்லை. நம் தோலில் வெயில் வேறு வகையில் கெடுதல் செய்கிறது. கன்னத்தில் மங்கு, நெற்றியில் திட்டுத் திட்டாகக் கருமை, பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் மறையாத கரும்புள்ளி, சீக்கிரம் விழும் சுருக்கம், கண்ணில் புரை. நிறமி மிகுந்த தோலில் சின்ன எரிச்சல் ஏற்பட்டாலும் அந்த இடம் கறுத்துவிடும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோலைக் காப்பது வேறு, வெளுக்க ஆசைப்படுவது வேறு. கறுப்பு ஒரு குறையில்லை. இந்தப் பக்கத்தில் சிவப்பழகுக்கு வழி எதுவும் கிடைக்காது.

எந்த நேரத்து வெயில் மோசம்? மத்தியானம் இரண்டு மணிக்குத்தானே கொளுத்துகிறது?

கொளுத்துவது இரண்டு, மூன்று மணிக்கு. தோலைத் தாக்கும் கதிர் உச்சத்தில் இருப்பது அதற்கு முன்பே, சூரியன் உச்சியில் நிற்கும்போது. சென்னையில் அது ஏறக்குறைய 12 மணி 10 நிமிடம். மேற்கே இருக்கும் கோயம்புத்தூரில் இன்னும் பதிமூன்று நிமிடம் தள்ளி. தரை சூடேறி, அந்தச் சூட்டில் காற்றும் சூடேற நேரம் பிடிப்பதால் அனல் பிந்தி வருகிறது. புற ஊதாக் கதிருக்கு அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்குச் சூடும் கிடையாது, அது கண்ணுக்கும் தெரியாது. ‘சுடவில்லையே’ என்று நினைத்து வெயிலில் நிற்பதால்தான் பாதித் தொல்லை வருகிறது.

இதை அளக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ‘யூ.வி. இன்டெக்ஸ்’ என்ற எண் இருக்கிறது. 3-க்கு மேல் போனால் பாதுகாப்பு வேண்டும். 8-க்கு மேல் மிக அதிகம். 11-க்கு மேல் உச்சக்கட்டம். மார்ச் முதல் மே வரை நம் ஊர் நண்பகலில் 11-ஐத் தாண்டுவது சாதாரணம். செல்போனில் வானிலை பார்க்கும் செயலிகள் பலவற்றில் இந்த எண் கிடைக்கும்.

செல்போனே வேண்டாம் என்றால் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது, நீண்டிருந்தால் தணிந்திருக்கிறது. ‘பத்து மணி முதல் நான்கு மணி வரை வெளியே போகாதீர்கள்’ என்று எல்லா ஊருக்கும் ஒரே கணக்காகச் சொல்வதைவிட இது சரியான அளவு. சித்திரை மாதச் சென்னையில் காலை ஒன்பது மணி வாக்கிலேயே நிழல் ஆளைவிடக் குட்டையாகிவிடும். மூன்று மணிக்கு மேல்தான் மறுபடி நீளும். ஏப்ரல் 24 வாக்கில் நண்பகலில் சென்னையில் நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. ஆகஸ்ட் நடுவிலும் இது இன்னொரு முறை நடக்கும். அக்னி நட்சத்திரம் தொடங்குவது மே முதல் வாரத்தில் என்பதால் பலர் அதுவரை அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். தோலுக்குக் கத்திரி மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது.

ஊட்டி, கொடைக்கானலில் குளிருகிறதே?

அங்கேதான் அதிகம் ஏமாறுவோம். உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடும்போதும் புற ஊதாக் கதிர் சுமார் பத்து விழுக்காடு கூடுகிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கோடை விடுமுறைக்குப் போய் ஏரியில் படகு ஓட்டிவிட்டு ஊர் திரும்பியதும் மூக்கும் கன்னமும் கறுத்திருப்பதற்குக் குளிர் காரணமில்லை, வெயில்தான் காரணம்.

மேகமூட்டமாக இருந்தால்?

மெல்லிய மேகம் கதிரின் பெரும்பகுதியை விட்டுவிடும். கருத்துத் திரண்ட மழைமேகம்தான் நன்றாகத் தடுக்கும்.

வைட்டமின் டி-க்குக் காலை இளவெயிலில் நின்றால் போதும் என்கிறார்களே?

இளவெயில் இதமானது. நடைப்பயிற்சிக்கும் நல்லது. ஆனால் அதில் வைட்டமின் டி அதிகம் கிடைக்காது. தோலில் வைட்டமின் டி உருவாக வேண்டுமானால் புற ஊதா-பி வகைக் கதிர் படவேண்டும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது அந்தக் கதிர் காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் சாய்ந்து வரவேண்டியிருப்பதால் வழியிலேயே பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடுகிறது. சென்னைக்குப் பக்கத்தில், ஏறக்குறைய அதே அட்சரேகையில் உள்ள திருப்பதியில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தோலிலுள்ள மூலப்பொருளைக் குப்பிகளில் அடைத்து வெவ்வேறு நேரங்களில் வெயிலில் வைத்தார்கள். காலை பதினொன்று முதல் பிற்பகல் இரண்டு வரையில்தான் வைட்டமினாக மாறும் வேலை நன்றாக நடந்தது. அந்த ஆய்வு 2013-இல் வெளியானது.

தோலைக் கெடுக்கிற அதே நேரம்தான் வைட்டமினும் தருகிறது என்றால் என்ன செய்வது? அளவாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வாரத்தில் சில நாள், பதினொரு மணி வாக்கில், இருபது முப்பது நிமிடம், கையும் காலும் வெயிலில் படட்டும். முகத்தைத் துணியாலோ குடையாலோ மறைத்துக்கொள்ளலாம். முகம் உடலில் சின்னப் பரப்புதான், அதைப் பலி கொடுக்கத் தேவையில்லை. மொட்டைமாடியில் வடகம் பிழிந்து காயவைக்கும் வேலையே இதற்குப் போதும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பலனில்லை. சாதாரணக் கண்ணாடி புற ஊதா-பி கதிரைத் தடுத்துவிடும். தோலைக் கறுக்கச் செய்யும் புற ஊதா-ஏ கதிரை உள்ளே விடும். கார் ஓட்டுபவர்களுக்கு ஜன்னல் பக்கமிருக்கும் வலதுகை மட்டும் கறுப்பது இதனால்தான்.

மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களிலும் முட்டை மஞ்சள் கருவிலும் வைட்டமின் டி ஓரளவு உண்டு. குறைபாடு இருப்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் மாத்திரை எளிய வழி. ஆனால் மருந்துக்கடையில் கிடைக்கும் 60,000 யூனிட் மாத்திரையை மருத்துவர் சொன்ன வாரக் கணக்கைத் தாண்டி மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டே போகாதீர்கள். வெயிலால் உண்டாகும் வைட்டமினை உடல் தானே அளவோடு நிறுத்திக்கொள்ளும். மாத்திரைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை. காலை வெயிலில் காட்டச் சொல்கிறார் பாட்டி. காட்டலாமா?

பாட்டி சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. பகல் ஒளியின் நீலப்பகுதி குழந்தையின் தோலில் தேங்கும் மஞ்சள் நிறமியை உடைக்கும். 1950-களில் இங்கிலாந்தின் ஒரு மருத்துவமனையில் வெயிலில் வைத்த குழந்தைகளின் மஞ்சள் குறைவதைக் கவனித்ததிலிருந்துதான் இன்றைய நீல விளக்குச் சிகிச்சை பிறந்தது. ஆனால் விளக்கை அளந்து கொடுக்கலாம், வெயிலை அளக்க முடியாது. பச்சைக் குழந்தையின் தோல் மெல்லியது, உடம்பு சட்டென்று சூடேறிவிடும். மஞ்சள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்காமல் வெயிலை நம்பி நாலு நாள் கடத்துவதுதான் பெரிய ஆபத்து. மஞ்சள் அளவு மிஞ்சினால் மூளையைப் பாதிக்கும். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கும் மனம் ஆறும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம். நிழலும் பருத்தித் துணியும் போதும்.

முதலில் எதைச் செய்வது? சன்ஸ்கிரீன் வாங்குவதா?

இல்லை. முதலில் நிழல், அடுத்தது துணி, மூன்றாவதுதான் சன்ஸ்கிரீன். காசு குறைவானதும் நம்பகமானதும் அந்த வரிசைதான்.

நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலை நன்றாக அறிந்தவர்கள் கண்டுபிடித்த உடுப்பு அது. எந்த கிரீமும் அதற்கு ஈடாகாது. வியர்வையில் வழியாது, இரண்டு மணிக்கொருமுறை பூசவேண்டியதும் இல்லை. நெருக்கமாக நெய்த துணி நல்லது. அடர்ந்த நிறம் வெளிர் நிறத்தைவிட அதிகம் தடுக்கும், ஆனால் சூட்டையும் வாங்கிக்கொள்ளும். அதனால் தளர்வாக இருக்கட்டும். மெல்லிய வெள்ளைத் துணி நனைந்துவிட்டால் தடுக்கும் சக்தி வெகுவாகக் குறையும். கடலிலும் ஆற்றிலும் விளையாடும் குழந்தைகளுக்குப் பனியனைவிட கெட்டியான நீச்சல் சட்டை மேல்.

தாத்தா காலத்துக் கறுப்புக் குடை நல்ல கவசம். ஆண்கள் குடை பிடிக்க ஏன் கூச்சப்படுகிறார்கள் என்பது எனக்குப் புரிவதில்லை. குடையும் முழுமையானதல்ல. வானத்தில் சிதறிப் பக்கவாட்டில் வரும் கதிரையும், மணலில் பட்டுத் திரும்பும் கதிரையும் அது தடுக்காது. அடர்ந்த வேப்பமர நிழலும் புங்கமர நிழலும் அதைவிட மேலானவை.

சாலை போடுகிறவர்கள், கட்டட வேலை செய்கிறவர்கள், உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்கள், போக்குவரத்துக் காவலர்கள் ஆகியோருக்கு ‘பன்னிரண்டு மணிக்கு வெளியே போகாதீர்கள்’ என்ற அறிவுரையால் ஒரு பயனும் இல்லை. அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்கள்தான் நேரத்தை மாற்ற வேண்டும், ஒதுங்கப் பந்தல் போட வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும். கோடையில் ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்கு நிறுத்தி, மூன்று மணிக்கு மேல் மறுபடி தொடங்கினால் கதிர், அனல் இரண்டிலும் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

சரி, சன்ஸ்கிரீன் எது வாங்க? எஸ்.பி.எஃப். நூறு இருந்தால் இன்னும் நல்லதா?

எஸ்.பி.எஃப். என்பது தோலைச் சுடும் புற ஊதா-பி கதிருக்கான அளவு. 15 என்றால் 93 விழுக்காட்டைத் தடுக்கும், 30 என்றால் 97, 50 என்றால் 98. அதற்கு மேல் எண் ஏறினாலும் பலன் பெரிதாக ஏறுவதில்லை. நமக்கு 30 போதும். மங்கு உள்ளவர்கள் 50 எடுத்துக்கொள்ளலாம். அதோடு ‘பி.ஏ.’ என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். அது புற ஊதா-ஏ கதிருக்கான அளவு. மூன்று கூட்டலாவது இருக்கட்டும்.

எண்ணைவிட அளவுதான் முக்கியம். சோதனைச்சாலையில் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். நாம் பெரும்பாலும் அதில் பாதி, கால்வாசிதான் பூசுகிறோம். அதனால் 50 என்று எழுதியதில் கிடைப்பது அதில் ஒரு பங்குதான். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிக்கொள்ளுங்கள். காது, பின்கழுத்து, புறங்கையை விட்டுவிடாதீர்கள். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு பூசுங்கள். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. வியர்த்தாலோ குளித்தாலோ உடனே மறுபடி. விலை உயர்ந்ததைச் சிக்கனமாகப் பூசுவதைவிட விலை குறைந்ததைத் தாராளமாகப் பூசுவது மேல்.

முகம் சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தால் அதில் துத்தநாக ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ அதிகம் இருக்கும். கெடுதல் ஒன்றுமில்லை, பிடிக்காவிட்டால் ஜெல் வகையோ தோல்நிறச் சாயம் கலந்த வகையோ பாருங்கள். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைச் சன்ஸ்கிரீனாக நினைக்க வேண்டாம். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். தோல் வறளாமல் காக்கும், கதிரை நம்பும்படி தடுக்காது.

சன்ஸ்கிரீன் பூசிவிட்டால் எவ்வளவு நேரமும் வெயிலில் நிற்கலாமா?

கூடாது. அது கதிரைத்தான் தடுக்கிறது, அனலைத் தடுக்காது. தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் நிழலுக்குப் போய் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரோ, உப்புப் போட்ட நீர்மோரோ குடியுங்கள். ஒருவர் வெயிலில் நின்று குழறிப் பேசினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ அது வெப்பவாதம். உடனே 108-க்கு அழையுங்கள். வண்டி வருவதற்குள் உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் புகட்டாதீர்கள்.

கன்னத்தில் மங்கு விழுந்திருக்கிறது. வெயில்தான் காரணமா?

வெயில் ஒரு காரணம். கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை ஆகியவையும் சேரும். மங்கு விஷயத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளிகூட நிறமியைத் தூண்டுகிறது. சாதாரணச் சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயமுள்ள வகை இதற்குக் கைகொடுக்கும். சிகிச்சை மெதுவாகத்தான் பலன் தரும். வெயிலைத் தடுக்காமல் எந்த கிரீமைப் பூசினாலும் மங்கு திரும்பிவிடும்.

வெயில் கறுப்புப் போக எலுமிச்சை, தயிர், நலங்கு மாவு பூசலாமா?

வெயிலில் ஏறிய கருமை, கதிர் படுவதை நிறுத்தினால் சில வாரங்களில் தானே மங்கத் தொடங்கும். மேல்தோல் உதிர்ந்து புதுப்பிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். தயிரும் கடலை மாவும் கெடுதல் செய்யாது. எலுமிச்சையை மட்டும் முகத்தில் தேய்க்காதீர்கள். அதிலுள்ள சோராலென் என்ற பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து, கருமை இன்னும் கூடி, மாதக்கணக்கில் நிற்கும்.

நலங்கு மாவில் பயறும் ஆவாரம்பூவும் ரோஜா இதழும் சேர்வதில் தவறில்லை. அதில் கார்போக அரிசி சேர்ப்பவர்கள் கவனியுங்கள். அதிலும் அதே சோராலென் நிறைய உண்டு. வெண்புள்ளிக்குப் பூசி வெயிலில் காட்டச் சொல்லும் பழைய வைத்தியம் அதன் இந்தக் குணத்தைப் பயன்படுத்தியதுதான். பூசினால் நன்றாகக் கழுவிவிட்டு வெயிலுக்குப் போங்கள். மாலைக் குளியலுக்கு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

மருந்துக்கடையில் கொடுத்த கிரீம் ஒரே வாரத்தில் முகத்தை வெளுக்க வைத்தது. தொடரலாமா?

இதைத்தான் இந்தப் பக்கத்தில் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரே வாரத்தில் வெளுத்தால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். டியூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. நோய்க்கு மருத்துவர் குறித்த நாட்கள் பூசினால் அது நல்ல மருந்து. அழகுக்காக மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, பருவும் முடியும் வளர்ந்து, கொஞ்சம் வெயில் பட்டாலே எரியும் நிலைக்குக் கொண்டுவரும். நிறுத்தினால் முகம் சிவந்து வீங்குவதால் பயந்து மறுபடி பூசுவார்கள். அந்தச் சுழலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட மாட்டிக்கொள்கிறார்கள். பல ஸ்டீராய்டு கிரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு ஆணையிட்டது. இன்னும் கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. பல மாதம் பூசியிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். படிப்படியாக விடுவிக்க வழி இருக்கிறது.

தயாரித்த இடமும் உட்பொருளும் எழுதாத வெளுப்பு கிரீம்களில் பாதரசம் இருக்கலாம். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது கண்டுபிடிக்கப்பட்டது. முகத்தில் பூசியது சிறுநீரகம் வரை போகும்.

மார்ச் பிறந்தால் பின்கழுத்திலும் முன்கையிலும் அரிப்போடு சின்னச் சின்னப் பொரி வருகிறது. வேர்க்குருவா?

வேர்க்குரு வியர்வை அடைபட்டு வருவது. துணி மூடிய இடத்தில், மடிப்புகளில் அதிகம். வெயில் படும் இடத்தில் மட்டும், வெளிறிய திட்டும் அரிப்புமாக வந்தால் அது வெயில் ஒவ்வாமையாக இருக்கலாம். நம்மிடையே இது மிகச் சாதாரணம். முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனுமே பாதிப் பேருக்குப் போதும். வயலில் வேலை செய்பவருக்கு முகம், கழுத்து, கண்ணிமை தடித்து அரித்தால் பார்த்தீனியம் செடியையும் சந்தேகியுங்கள். அதன் தூள் காற்றில் வந்து ஒட்டி, நாளடைவில் தோலை வெயிலும் தாங்காததாக்கிவிடும். கன்னத்திலும் மூக்கிலும் சேர்ந்து சிவப்பு, மூட்டுவலி, வாய்ப்புண் என்று வந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, பருவுக்கான சில மாத்திரைகளும் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும். புதிய மருந்து தொடங்கும்போது கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கு ஏதாவது வேண்டுமா?

வேண்டும். வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளத்தில் நிற்பவர்களுக்கு வானத்திலிருந்து ஒரு வெயில், வெள்ளை உப்பிலிருந்து ஒரு வெயில். கடலுக்குப் போகிறவர்களுக்கும் அப்படித்தான். கண்ணின் வெள்ளையில் தொடங்கிக் கருவிழி மேல் ஏறும் சதை வளர்ச்சி, புரை இரண்டுக்கும் புற ஊதாக் கதிரோடு தொடர்பு உண்டு. கறுப்புக் கண்ணாடி வாங்கும்போது ‘யூ.வி. 400’ என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் கறுப்பு மட்டும் இருந்தால் இருட்டில் கண்பாப்பா விரிந்து கதிர் இன்னும் உள்ளே போகலாம்.

கோடையில் கோயிலுக்கு வெறுங்காலோடு போகிறோம். பாதம்?

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். வெகுநாள் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். மதிய நேரக் கருங்கல் பிரகாரத்தில் சுடுவது தெரியாமலே நடந்து, வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்ப்பார்கள். அந்தப் புண் ஆறாமல் விரலையே எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. காலையிலோ சாயங்காலமோ போங்கள். பகலில்தான் போகவேண்டுமானால் கெட்டியான காலுறை அணிந்து, தேங்காய்நார் விரிப்பின் மேலேயே நடங்கள். வீடு வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

தோல் வெந்துவிட்டது. என்ன செய்ய?

நம் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. தொட்டால் சூடும் வலியும், சில நாளில் உரிதலும் இருக்கும். குளிர்ந்த தண்ணீர்த் துணி, மணமில்லாத ஈரப்பத கிரீம், தேவைப்பட்டால் பாரசிட்டமால், நிறையத் தண்ணீர். ஐஸ்கட்டி, பற்பசை வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

தோல் புற்றுநோய் நமக்கு வராது என்று விட்டுவிடலாமா?

அரிது, ஆனால் வரும். வரும்போது பிந்திக் கண்டுபிடிக்கப்படுவதுதான் நம் பிரச்சினை. கறுத்த தோலில் மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோய் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருகிறது. பாடகர் பாப் மார்லியின் உயிரை 1981-இல் பறித்த புற்றுநோய் கால் கட்டைவிரலில்தான் தொடங்கியது. சன்ஸ்கிரீனால் இதைத் தடுக்க முடியாது, கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். நகத்தில் புதிதாக வந்து அகலமாகும் கறுப்புக் கோடு, உள்ளங்காலில் பெரிதாகும் கரும்புள்ளி, ஒரு மாதம் கடந்தும் ஆறாத புண், பழைய தீக்காயத் தழும்பில் புதிதாகக் கிளம்பும் புண் அல்லது கட்டி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காட்டிவிடுங்கள்.

பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கு இந்தப் பக்கத்தின் முதல் பதில் பொருந்தாது. அவர்களுக்கு அந்தக் கவசமே இல்லை. முகத்திலும் கழுத்திலும் இளவயதிலேயே புற்றுநோய் வரலாம். தொப்பி, முழுக்கை, சன்ஸ்கிரீன், கறுப்புக் கண்ணாடி எல்லாம் அவர்களுக்கு அன்றாடத் தேவை. அப்படி ஒரு குழந்தை உங்கள் வகுப்பில் இருந்தால், ஆசிரியர்களே, காலை இறைவணக்கத்தில் நிழலில் நிற்கவிடுங்கள். விளையாட்டு வகுப்பையும் முதல் பாடவேளைக்கோ கடைசிப் பாடவேளைக்கோ மாற்றிக் கொடுங்கள்.